தேடலில் சரியான துண்டு 14-ஆவது இடத்தில் கிடந்தால்

கேட்டவர் காவேரிப்பட்டணம் பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்காக வாட்ஸ்அப்பில் பதில் சொல்லும் உதவியாளர் செய்துகொண்டிருக்கும் தம்பி. பயிர்க் கையேடுகள், திட்ட அறிவிப்புகள், துண்டறிக்கைகள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் சுமார் 6,000 துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் எம்பெடிங் (பொருளைக் குறிக்கும் எண் வரிசை) எடுத்து வைத்திருக்கிறார். கேள்வி வந்ததும் அதற்கு மிக அருகில் உள்ள 5 துண்டுகளை எடுத்து மொழி மாடலிடம் கொடுக்கிறார். பதில் பல நேரம் சொதப்புகிறது. நோண்டிப் பார்த்தால் சரியான துண்டு 9-ஆவது இடத்திலோ 14-ஆவது இடத்திலோ கிடக்கிறது. “அண்ணா, பெரிய எம்பெடிங் மாடலுக்கு மாறட்டுமா, ரீரேங்கர் போடட்டுமா, இல்லை 5-ஐ 20 ஆக்கிவிடட்டுமா?” என்பது கேள்வி.

தம்பி, மூன்றாவது யோசனையை முதலில் தள்ளிவிடலாம். 5-ஐ 20 ஆக்கினால் சரியான துண்டு உள்ளே வரும்தான், கூடவே சம்பந்தமில்லாத ஒரு கூட்டமும் வரும். நீளமான உள்ளீட்டில் தொடக்கத்திலும் கடைசியிலும் இருப்பதை மொழி மாடல்கள் நன்றாகப் பிடித்துக்கொள்கின்றன, நடுவில் இருப்பதைக் கோட்டை விடுகின்றன என்று 2023-இல் ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். அதற்குப் பிறகு வந்த மாடல்கள் இதில் தேறியிருக்கின்றன. ஆனாலும் தென்னைக்குச் சொன்ன அளவை மாமரத்துக்குத் தூக்கிச் சொல்லும் ஆபத்து, துண்டுகள் கூடக் கூட அதிகமாகத்தான் ஆகிறது. டோக்கன் (மாடல் உரையை உடைத்துப் படிக்கும் சிறு துணுக்கு) செலவு வேறு.

ரீரேங்கர், அதாவது தேடி எடுத்த துண்டுகளை மறுபடி வரிசைப்படுத்தும் மாடல், வேண்டும். எம்பெடிங் மாடலை மாற்றுவது அப்புறம். இரண்டுக்கும் முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: சரியான துண்டு முதல் 100-க்குள் வருகிறதா, இல்லையா?

இந்தத் தேடலில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. 6,000-லிருந்து ஒரு 100 துண்டுகளை அள்ளிக்கொண்டு வருவது ஒன்று. அந்த நூறையும் நின்று நிதானித்துப் பார்த்து நல்லதை மேலே வைப்பது இன்னொன்று. ரீரேங்கர் செய்வது இரண்டாவது வேலை மட்டும். அள்ளி வந்த நூறில் சரியான துண்டே இல்லையென்றால் உலகத்தின் சிறந்த ரீரேங்கரும் கையைத்தான் பிசையும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? நீங்கள் சொன்ன 9, 14 எல்லாம் இரண்டாவது வேலையின் கோளாறு. ஆனால் நீங்கள் பார்த்த கேள்விகளில்தான் அப்படி. 300-ஆவது இடத்தில் கிடக்கும் துண்டு உங்கள் கண்ணிலேயே பட்டிருக்காது.

அதனால் முதலில் ஒரு சோதனைத் தொகுப்பு செய்யுங்கள். 80 கேள்விகள் போதும். வாட்ஸ்அப்பில் உண்மையாக வந்த கேள்விகளையே எடுங்கள். ஃபோன் நம்பர், பெயர் எல்லாவற்றையும் முதலிலேயே அழித்துவிடுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எந்தத் துண்டில் பதில் இருக்கிறது என்பதை விவசாயம் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து குறியுங்கள். இரண்டு மூன்று துண்டுகள் பொருந்தினால் மூன்றையும் குறியுங்கள்.

இதைச் சோம்பல்பட்டு மொழி மாடலிடம் துண்டைக் கொடுத்து “இதற்கு ஒரு கேள்வி எழுது” என்று வாங்கிவிடாதீர்கள். அது துண்டில் இருக்கும் சொற்களையே கேள்வியில் வைத்துவிடும். “மாவில் தத்துப்பூச்சி மேலாண்மை முறைகள் யாவை?” என்று பர்கூரிலோ போச்சம்பள்ளியிலோ எந்த விவசாயியும் கேட்கப்போவதில்லை. “பூவெல்லாம் கருகிக் கொட்டுதுங்க, இலையில பிசுபிசுன்னு இருக்கு” என்றுதான் செய்தி வரும். அதில் மாவும் இல்லை, தத்துப்பூச்சியும் இல்லை. உங்கள் தேடல் தோற்பது இந்த இடத்தில்தான். தானே எழுதித் தானே திருத்திய பரீட்சையில் 95 வாங்கிவிட்டு நிம்மதியாக இருந்தால் இது தெரியவே தெரியாது.

80 சின்ன எண்ணிக்கையாகத் தோன்றலாம். தேடலை அளப்பது எப்படி என்பதற்கு அடித்தளம் போட்டது 1960-களில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளவர்டன் நடத்திய சோதனை. அதில் விமானவியல் கட்டுரைகள் 1,400, கேள்விகள் 225. அதை வைத்துத்தான் பிறகு வந்தவர்கள் பல பத்தாண்டுகள் முறைகளை ஒப்பிட்டார்கள். எண்ணிக்கையைவிடக் கேள்விகள் உண்மையானவையாக இருப்பதும் குறித்தவர் விஷயம் தெரிந்தவராக இருப்பதும்தான் முக்கியம்.

அளவுகோல் இரண்டு போதும். முதல் 100-க்குள் சரியான துண்டு வந்த கேள்விகள் எத்தனை சதவீதம் என்பது ரீகால். சரியான துண்டு எந்த இடத்தில் நின்றது என்பதைத் தலைகீழாக்கிச் சராசரி எடுத்தால் எம்ஆர்ஆர். முதல் கேள்விக்கு 1-ஆவது இடம், இரண்டாவதற்கு 4-ஆவது இடம், மூன்றாவதற்கு வரவே இல்லை என்றால் 1, 0.25, 0. கூட்டி மூன்றால் வகுத்தால் 0.42. ரீகால் குறைவாக இருந்தால் அள்ளும் வேலையைச் சரிசெய்யுங்கள். ரீகால் நன்றாக இருந்து எம்ஆர்ஆர் மட்டும் குறைந்தால் அடுக்கும் வேலையைச் சரிசெய்யுங்கள். என்டிசிஜி என்று இன்னோர் அளவுகோலையும் எல்லோரும் சொல்வார்கள். பொருத்தத்தை 0, 1, 2, 3 என்று படிப்படியாகக் குறித்திருந்தால் அது பயன்படும். இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

சரி, ரீகால் குறைவு என்று தெரியவந்தால்? பெரிய மாடலைத் தேடி ஓடும் முன் துண்டுகளைத் திறந்து கண்ணால் படியுங்கள். நான் பார்த்த தமிழ்த் தொகுப்புகளில் பாதிச் சிக்கல் அங்கேயேதான் இருந்தது.

யூனிகோடுக்கு முந்தைய பிடிஎஃப்களை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு அலுவலகங்களில் வெகுகாலம் வானவில் அவ்வையார் எழுத்துருவில் தட்டினார்கள், டிடிபி கடைகளில் பாமினி. திரையில் அழகான தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குப்பை. அதை அப்படியே எம்பெடிங் எடுத்தால் மாடல் ஏதோ ஒரு எண் வரிசையைக் கொடுத்துவிடும், குறை சொல்லாது. அந்தத் துண்டு மட்டும் எந்தக் கேள்விக்கும் வராது. துண்டில் எத்தனை சதவீதம் தமிழ் எழுத்து என்று எண்ணி, குறைவாக இருப்பதைத் தனியே பிரித்து, எழுத்துரு மாற்றியில் போட்டு எடுங்கள்.

அப்புறம் யூனிகோடிலேயே ஒரே எழுத்து இரண்டு விதமாக உட்காரும். ‘கொ’-வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. என்எஃப்சி என்ற சீராக்கம் இதைச் சரிசெய்துவிடும். ‘ஔ’ வர வேண்டிய இடத்தில் ‘ஒ’-வும் ‘ள’-வும் தட்டியிருந்தால் அது சரிசெய்யாது, நீங்கள்தான் விதி எழுத வேண்டும்.

ஊர்ப் பெயர்களுக்கு வாருங்கள். தருமபுரி, தர்மபுரி. ஓசூர், ஹோசூர். ஒகேனக்கல், ஹொகேனக்கல். இதற்கெல்லாம் ஒரு மாற்றுப்பெயர்ப் பட்டியல் வைத்தால் தீர்ந்தது. ஆனால் இன்னொன்று இருக்கிறது: கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். அதற்கு முந்தைய ஆவணங்களில் ஊத்தங்கரையும் தேன்கனிக்கோட்டையும் தருமபுரி மாவட்டம் என்றே இருக்கும். மாவட்டப் பெயரை வைத்து வடிகட்டினால் அவையெல்லாம் சத்தமில்லாமல் காணாமல் போகும். வட்டத்தின் பெயரை வைத்து இன்றைய மாவட்டத்தை நீங்களே துண்டில் பதிந்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, துண்டு தலைப்பை இழப்பது. 300 சொல்லுக்கு ஒரு துண்டு என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் “நாற்று நட்ட 30-ஆவது நாளில் மேலுரம் இட வேண்டும்” என்று ஒரு துண்டு தொடங்கும். எந்தப் பயிர்? மூன்று பக்கம் முன்னால் உள்ள தலைப்பில் இருக்கிறது. துண்டில் இல்லை.

இதற்கு உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. பையூரில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பையூர் 1 என்று கேழ்வரகு இருக்கிறது. பையூர் 1 என்று கொள்ளு இருக்கிறது. பையூர் 1 தக்காளியும் உண்டு, நீலம் என்ற மா ரகத்திலிருந்து தேர்வு செய்த பையூர் 1 மாவும் உண்டு. இப்போது “பையூர் 1 இடைவெளி எவ்வளவு விடணும்?” என்று ஒருவர் கேட்கிறார். நான்கு பயிர்களின் துண்டுகளிலும் பையூர் இருக்கிறது, 1 இருக்கிறது, இடைவெளி இருக்கிறது. எம்பெடிங்குக்கு நான்கும் ஏறக்குறைய ஒரே இடம். தலைப்பு இல்லாத துண்டு என்றால் ரீரேங்கருக்கும் பிரித்தறிய வழியில்லை. மாவுக்கு மீட்டர் கணக்கு, கேழ்வரகுக்கு சென்டிமீட்டர் கணக்கு. மாற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மருந்து எளிது. ஒவ்வொரு துண்டின் முதல் வரியிலும் “மா, பையூர் 1, நடவு, இடைவெளி” என்பதுபோலப் பயிர், ரகம், பகுதி ஆகியவற்றை ஒட்டிவிட்டு, அதன்பிறகு எம்பெடிங் எடுங்கள். விவசாயி பயிரைச் சொல்லியிருந்தால் இப்போது சரியான துண்டு தானாக மேலே வரும். சொல்லவில்லை என்றால்? முதல் நான்கு இடத்திலும் நான்கு வேறு பயிர்கள் நிற்கும். அதுவே நல்ல தகவல்தான். முதல் சில துண்டுகளின் பயிர் ஒத்துப்போகவில்லை என்றால் பதில் சொல்லாமல் “மாவா, கேழ்வரகா, கொள்ளா, தக்காளியா?” என்று திருப்பிக் கேட்கச் செய்யுங்கள். எந்த அடுக்கு முறையாலும் தீராத சிக்கலை ஒரு கேள்வி தீர்த்துவிடும்.

அடுத்து சொல்தேடல். எம்பெடிங் வந்தபிறகு பலர் பிஎம்25 என்ற பழைய சொல்தேடல் முறையைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அது அவசரம். ஒரு சொல் எவ்வளவு குறைவான ஆவணங்களில் வருகிறதோ அவ்வளவுக்கு அதற்கு எடை கூட வேண்டும் என்று 1972-இல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் சொன்னார். அதிலிருந்து வளர்த்து, 1990-களில் ஸ்டீஃபன் ராபர்ட்சனும் கூட்டாளிகளும் லண்டனில் ஓகாபி என்ற தேடல் அமைப்பில் உருவாக்கியதுதான் பிஎம்25. ஒரே சொல் பத்து முறை வந்தால் பத்து மடங்கு மதிப்பெண் கிடைக்காது, கொஞ்சத்தில் தேங்கிவிடும். நீளமான ஆவணத்துக்குச் சற்றுத் தள்ளுபடி உண்டு. அவ்வளவுதான் அதன் சூட்சுமம். 2021-இல் பெய்ர் என்ற தொகுப்பில் 18 தரவுகளை வைத்துச் சோதித்தபோது, ஒரு துறையில் பயிற்சி பெற்ற எம்பெடிங் மாடல்கள் பல, பழக்கமில்லாத துறையில் பிஎம்25-க்குப் பின்னால் நின்றன. மாந்தோப்பும் அவற்றுக்குப் பழக்கமில்லாத துறைதான்.

ரகப் பெயர், மருந்தின் பெயர், அரசாணை எண், இதெல்லாம் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டியவை. எம்பெடிங் இவற்றைக் குழப்பும், பிஎம்25 குழப்பாது. பதிலுக்கு, பிஎம்25-க்குத் தமிழில் ஒரு தலைவலி உண்டு: மரம், மரத்தை, மரத்துக்கு, மரங்களில் எல்லாம் அதற்கு நான்கு தனித்தனிச் சொற்கள். ஸ்னோபால் என்ற நிரல் தொகுப்பில் தமிழுக்கும் விகுதி வெட்டும் நிரல் இருக்கிறது, போட்டுப் பாருங்கள். அது சில இடங்களில் அளவுக்கு மீறி வெட்டும். இன்னொரு வழி சொல்லைச் சிறு எழுத்துக் கோவைகளாக வெட்டி அட்டவணை போடுவது. யூனிகோடில் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியாக எண்ணப்படும் என்பதால் மூன்று போதாது, நான்கு ஐந்து வையுங்கள். இரண்டு வழியையும் உங்கள் 80 கேள்விகளில் ஓட்டிப் பார்த்து, ரீகால் எதில் அதிகமோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு ஒரு ஒருபொருள் பட்டியல். ராகி, கேழ்வரகு, கேப்பை. பெங்களூரா, கிளிமூக்கு, தோத்தாபுரி. கல்டார் என்று விவசாயி கேட்பார், கையேட்டில் பேக்லோபியூட்ரசால் என்று இருக்கும். கடையில் கேட்கிற பெயர் ஒன்று, புத்தகத்தில் வேதிப்பெயர். இந்த இணைப்பை எந்த மாடலும் நம்பகமாகத் தமிழில் போடாது. மருந்துக்கடைக்காரர் ஒருவரோடு ஒரு மாலை உட்கார்ந்தால் நூற்றுக்கணக்கில் எழுதி எடுத்துவிடலாம். உங்கள் ஆட்களில் கொஞ்சம் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள், தளி பக்கம் என்றால் தெலுங்கும் கன்னடமும் கலந்து வரும். தேடும் முன்பே அதைத் தமிழ் எழுத்தில் சுத்தமான ஒரு கேள்வியாக மாற்றும் வேலையை மொழி மாடலிடம் கொடுங்கள். மாற்றிய கேள்வியோடு மூலக் கேள்வியையும் வைத்துத் தேடுங்கள், ஏனென்றால் மாற்றும்போது அது சில சமயம் பயிரையே மாற்றிவிடும்.

இப்போது உங்களிடம் இரண்டு வரிசைகள்: எம்பெடிங் தந்தது, பிஎம்25 தந்தது. ஒன்றின் மதிப்பெண் 0.81, இன்னொன்றின் மதிப்பெண் 14.6. இரண்டையும் நேராகக் கூட்டக் கூடாது, அளவே வேறு. 2009-இல் கார்மக், கிளார்க், பியூட்சர் மூவரும் கொடுத்த ஆர்ஆர்எஃப் முறையில் மதிப்பெண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு இடத்தை மட்டும் பார்க்கிறார்கள். ஒவ்வொரு வரிசையிலும் உள்ள இடத்தோடு 60-ஐக் கூட்டி, 1-ஐ அதனால் வகுத்து, வந்ததைக் கூட்டினால் முடிந்தது. ஒரு துண்டு பிஎம்25-இல் 3-ஆவது, எம்பெடிங்கில் 8-ஆவது என்றால் 1/63-உம் 1/68-உம் சேர்ந்து 0.0306. இன்னொன்று எம்பெடிங்கில் முதலிடம், பிஎம்25-இல் இல்லவே இல்லை என்றால் 1/61, அதாவது 0.0164. இரண்டு பேரும் கைகாட்டியது மேலே வரும். பத்து வரி நிரல்தான். இதற்குப் பிறகு ரீகாலை மறுபடி அளந்து பாருங்கள்.

இடையில் ஒன்று: 6,000 துண்டுக்கு மாதச் சந்தா கட்டி வெக்டர் டேட்டாபேஸ் (எண் வரிசைகளைச் சேமித்துத் தேடும் சேவை) வேண்டாம். துண்டுக்கு 1,024 எண்கள் என்று வைத்தாலும் மொத்தம் 25 எம்பிக்குள் அடங்கும். நேராக எல்லாவற்றோடும் ஒப்பிட்டாலே கண் சிமிட்டும் நேரம்தான்.

இனி ரீரேங்கர். எம்பெடிங் மாடல் கேள்வியைத் தனியாகப் படிக்கிறது, துண்டைத் தனியாகப் படிக்கிறது. ஆளுக்கொரு எண் வரிசை, பிறகு தூரம் பார்ப்பது. துண்டைப் படிக்கும்போது என்ன கேள்வி வரப்போகிறது என்று அதற்குத் தெரியாது. கிராஸ் என்கோடர் எனப்படும் ரீரேங்கர் கேள்வியையும் துண்டையும் ஒன்றாக ஒட்டி, சேர்த்துப் படித்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஒரே ஒரு எண் தருகிறது. கேள்வியின் ஒவ்வொரு சொல்லும் துண்டின் ஒவ்வொரு சொல்லையும் பார்க்க முடிகிறது.

என்ன வித்தியாசம் என்பதற்கு இதைப் பாருங்கள். கேள்வி: “மாம்பூ முழுசா விரிஞ்சிருக்கு, இப்போ மருந்து அடிக்கலாமா?” ஒரு துண்டு சொல்கிறது: “பூங்கொத்து வெளிவரும் தருணத்தில் தத்துப்பூச்சிக்கு மருந்து தெளிக்க வேண்டும்.” இன்னொன்று: “பூக்கள் முழுவதும் விரிந்த நிலையில் மருந்து தெளிக்கக் கூடாது, மகரந்தச் சேர்க்கை செய்யும் பூச்சிகள் பாதிக்கப்படும்.” இரண்டிலும் பூ, மருந்து, தெளிப்பு. எம்பெடிங்குக்கு இரண்டும் அக்கம்பக்கத்து வீடு. “வேண்டும்” என்பதும் “கூடாது” என்பதும் அந்த எண் வரிசையில் பெரிய தூரத்தை உண்டாக்குவதில்லை. கிராஸ் என்கோடர் “முழுசா விரிஞ்சிருக்கு” என்பதை “முழுவதும் விரிந்த நிலையில்” என்பதோடு நேருக்கு நேர் பொருத்துகிறது, “வெளிவரும் தருணம்” அதோடு ஒட்டாததைப் பார்க்கிறது. இரண்டாவது துண்டு மேலே வருகிறது. இப்படிப்பட்ட கேள்விகளில்தான் 14-ஆவது இடத்துத் துண்டு முதல் இடத்துக்குத் தாவும்.

2019 ஜனவரியில் நொகேராவும் சோவும் பெர்ட் என்ற மொழி மாடலை இப்படிப் பயன்படுத்திக் காட்டினார்கள். எம்எஸ் மார்க்கோ என்ற பெரிய தொகுப்பில் பிஎம்25-இன் எம்ஆர்ஆர் சுமார் 0.17. அது கொண்டுவந்த 1,000 பத்திகளையே மறு அடுக்கு செய்ததும் சுமார் 0.36. அள்ளும் வேலையில் கை வைக்கவே இல்லை, அடுக்கியது மட்டும்தான்.

இவ்வளவு நல்லதென்றால் 6,000 துண்டையும் இதனிடமே கொடுத்தால் என்ன? நேரம். எம்பெடிங்கை முன்கூட்டியே எடுத்து வைக்கலாம், ரீரேங்கரோ ஒவ்வொரு கேள்விக்கும் ஒவ்வொரு துண்டையும் புதிதாகப் படிக்க வேண்டும். 10,000 வாக்கியங்களில் மிக ஒத்த ஜோடியைக் கண்டுபிடிக்க பெர்ட்டுக்கு 65 மணி நேரம், எம்பெடிங் முறைக்கு 5 வினாடி என்று 2019-இன் சென்டென்ஸ் பெர்ட் கட்டுரையே கணக்குச் சொல்கிறது. அதனால் அள்ளி வந்த நூறில் முதல் 50-ஐ மட்டும் கொடுங்கள். ஜிபியு (மாடலை வேகமாக ஓட்டும் சில்லு) இல்லாத சர்வர் என்றால் 25. விவசாயி வாட்ஸ்அப்பில் மூன்று நான்கு வினாடி காத்திருப்பார், அரை நிமிடம் காத்திருக்க மாட்டார். இடைநிலை வழியாக கோல்பெர்ட் என்று ஸ்டான்ஃபோர்டிலிருந்து 2020-இல் ஒன்று வந்தது, சொல்லுக்குச் சொல் எண் வரிசை வைத்துக்கொள்ளும். உங்கள் அளவுக்கு அந்தச் சிக்கல் தேவையில்லை.

எந்த ரீரேங்கர்? இதில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். இணையத்தில் முதலில் கண்ணில் படும் சின்ன, வேகமான மாடல்கள் பெரும்பாலும் எம்எஸ் மார்க்கோவின் ஆங்கிலத்தில் மட்டும் பயிற்சி பெற்றவை. தமிழ் கொடுத்தாலும் எண் தரும், அந்த எண்ணுக்கு அர்த்தம் இருக்காது. பன்மொழி மாடல்தான் வேண்டும். பிஜிஇ ரீரேங்கர் வி2 எம்3 இலவசமாகக் கிடைக்கிறது, தொடங்க அது நல்லது. சுமார் 57 கோடி பாராமீட்டர்கள், கொஞ்சம் கனம். பன்மொழித் தரவரிசைகளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மிராக்கிள் என்ற பெயர்பெற்ற தொகுப்பில் 18 மொழிகள் இருக்கின்றன, அதில் இந்தியும் வங்காளமும் தெலுங்கும் உண்டு, தமிழ் இல்லை. உங்கள் 80 கேள்விகள்தான் உங்களுக்குத் தரவரிசை. நீளத்தையும் கவனியுங்கள்: பன்மொழி மாடல்கள் தமிழ்ச் சொல்லைப் பல டோக்கன்களாக உடைக்கும், அதனால் 512 டோக்கன் என்ற எல்லைக்குள் ஆங்கிலம் கொள்ளும் அளவு தமிழ் கொள்ளாது. எல்லையைத் தாண்டியது சத்தமில்லாமல் வெட்டப்படும். பதில் துண்டின் கடைசி வரியில் இருந்தால் போச்சு.

மொழி மாடலையே கூப்பிட்டு “இந்த 20 துண்டுகளை வரிசைப்படுத்து” என்று கேட்பதும் உண்டு. தரம் நன்றாகவே வரும். ஆனால் மெதுவு, செலவு, உள்ளே கொடுத்த வரிசையை மாற்றினால் வெளியே வரும் வரிசையும் மாறும். தினசரி ஓட்டத்துக்கு வேண்டாம். புதுக் கேள்விகளுக்குப் பொருத்தம் குறிக்கும் வேலையில் முதல் கை போட அதை வைத்துக்கொள்ளலாம், மனிதர் ஒருவர் பின்னால் சரிபார்த்தால்.

இவ்வளவு செய்தபிறகும் ஒரு குழி இருக்கிறது. ரீரேங்கர் பார்ப்பது பொருத்தத்தை, சரி தவறை அல்ல. 2005-ஆம் ஆண்டுத் துண்டறிக்கை ஒன்று தத்துப்பூச்சிக்கு எண்டோசல்ஃபான் அடிக்கச் சொல்கிறது என்று வையுங்கள். கேள்வியோடு கச்சிதமாகப் பொருந்தும், ரீரேங்கர் தலையில் தூக்கி வைக்கும். எண்டோசல்ஃபானை உச்ச நீதிமன்றம் 2011-இலேயே தடை செய்துவிட்டது. மானியத் திட்டங்களும் அப்படித்தான், போன வருடத்துத் தொகை இந்த வருடத்துக்குப் பொருந்தாது. தேதியைப் பொருத்த மதிப்பெண்ணோடு ஏதோ ஒரு விகிதத்தில் கலக்கலாம் என்று தோன்றும். கலக்காதீர்கள். தடை செய்த மருந்துப் பெயர் உள்ள துண்டுகளை அட்டவணையிலிருந்தே எடுத்துவிடுங்கள். திட்ட அறிவிப்புகளுக்கு முடிவுத் தேதியைப் பதிந்து, தேடும் முன்பே வடிகட்டுங்கள். மாமரத்துக்குக் கவாத்து செய்வது பற்றிய 1995-ஆம் ஆண்டுத் துண்டு இன்றைக்கும் செல்லும், அதைப் பழையது என்பதற்காகக் கீழே தள்ள வேண்டாம்.

வடிகட்டி, அள்ளி, அடுக்கியபின் மேலே உள்ள ஐந்தில் மூன்று ஒரே துண்டறிக்கையின் நகலாக இருக்கும். ஒரே தாளை நான்கு அலுவலகங்கள் நான்கு தடவை வெளியிடும் நாடு இது. ஏறக்குறைய ஒன்றாக உள்ளதை நீக்கிவிட்டு அடுத்ததை மேலேற்றுங்கள்.

ரீரேங்கரை உங்கள் தரவில் பயிற்றுவிப்பது பற்றிக் கேட்பீர்கள். குறித்த கேள்விகள் சில நூறாவது சேரட்டும். அப்போது ஒவ்வொரு கேள்விக்கும் சரியான துண்டோடு, கிட்டத்தட்ட சரியாகத் தோன்றும் தவறான துண்டுகளையும் கொடுங்கள். பையூர் 1 மாவுக்கு எதிராக பையூர் 1 கொள்ளு போல. தேங்காய் பற்றிய துண்டைத் தவறு என்று காட்டினால் மாடல் எதையும் கற்காது. “தவறு” என்று குறித்தவற்றில் உண்மையில் சரியானவை ஒளிந்திருக்கும், அவற்றை ஒருமுறை கண்ணால் பாருங்கள். பதிலுக்கு மக்கள் போடும் கட்டைவிரல் குறியை வைத்துப் பயிற்றுவிக்க ஆசை வரும், நிதானம். மேலே காட்டியதைத்தான் மக்கள் பார்ப்பார்கள், பார்த்ததற்குத்தான் விரல் காட்டுவார்கள். அப்படியே பயிற்றுவித்தால் ஏற்கெனவே மேலே இருப்பது மேலும் மேலேறும்.

கடைசியாக வாசல். ரீரேங்கர் எப்போதும் ஏதாவது ஒன்றை முதலிடத்தில் வைக்கும், பதிலே இல்லாத கேள்விக்கும். 80 கேள்விகளோடு, உங்கள் ஆவணங்களில் பதில் இல்லாத 20 கேள்விகளையும் சேருங்கள்: பட்டுப்புழு, சிட்டா நகல், “பல்லெல்லாம் கறையா இருக்கு, போர் தண்ணி குடிக்கலாமா” என்பவை. முதலிடத்து மதிப்பெண் இரண்டு வகைக்கும் எப்படி விழுகிறது என்று பார்த்து ஒரு வாசல் எண் வையுங்கள். மாடல் மாறினால் அந்த எண்ணும் மாறும், ஒருவர் சொன்ன 0.5-ஐ அப்படியே எடுக்காதீர்கள். வாசலுக்குக் கீழே விழுந்த கேள்வியை மொழி மாடலிடம் விடாமல் நிறுவனத்தின் களப்பணியாளருக்கு அனுப்புங்கள். அவர் சொல்லும் பதிலைத் தேதியோடும் பயிர்ப் பெயரோடும் புதுத் துண்டாகச் சேர்த்துவிட்டால் அடுத்த முறை அதே கேள்விக்கு அள்ளுவதற்கு ஒரு துண்டு இருக்கும்.